ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை: நன்கொடை திரட்டும் குழுச் சைக்கிள் பயணத்துக்கு வேலூரிலிருந்து தயாராகும் முறை

தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரில் தொடங்கி ஜம்மு, லூதியானா, டெல்லி, ஆக்ரா, குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், கர்நூல், பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையை நாளொன்றுக்குச் சராசரியாக 110 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வும் சேர்த்தால், சுமார் 40 நாட்களில் ஒரு குழு சைக்கிளில் கடந்துவிடலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த நம் பழைய வேலூர் மாவட்டத்தில் வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நல்ல காரியத்துக்காக இந்தப் பாதையில் இறங்க நினைத்தால் எங்கே தொடங்குவது, எதில் கவனம் வைப்பது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகமே என்று முதல் நாளிலேயே மனதார ஏற்றுக்கொண்ட குழுதான் முழுதாக ஊர்போய்ச் சேரும் என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் ஏற்பாடுகள் அனைத்தையும் அந்த ஒரு அளவுகோலை வைத்தே சொல்கிறேன்.

முதற்படி: யாருக்காக ஓட்டுகிறோம்?

பாதையை வரையும் முன் பயனாளியை முடிவு செய்யுங்கள். “ஏழை எளியோருக்காக” என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவர் பையில் கை வைக்கமாட்டார். எந்த நிறுவனம், எந்தச் செலவு, ஒருவருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியவேண்டும். வேலூரில் இதற்குப் பஞ்சமில்லை. 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது சி.எம்.சி. அதன் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் பெயரைத் தாங்கிய மறுவாழ்வு நிறுவனம் பாகாயத்தில் 1966 முதல் இயங்கிவருகிறது. கரிகிரியில் தொழுநோய்க்கான மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. சாலையில் 40 நாட்கள் ஓட்டப்போகும் ஒரு குழு, சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் மறுவாழ்வுக்காக நிதி திரட்டுவதைவிடப் பொருத்தமான காரியம் எனக்குத் தோன்றவில்லை. எதைத் தேர்ந்தாலும் அந்த நிறுவனத்தை நேரில் அணுகி, அவர்கள் பெயரைப் பயன்படுத்த எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்ற பிறகே ஒரு ரூபாயாவது கேட்கவேண்டும்.

பணம் போகும் வழியைப் பொறுத்தவரை கண்டிப்பாக இருங்கள். நன்கொடை எந்த உறுப்பினரின் சொந்தக் கணக்குக்கும் வரக்கூடாது. துண்டறிக்கையில் அச்சிடும் யு.பி.ஐ. குறியீடு பயனாளி நிறுவனத்தின் கணக்குக்கு உரியதாகவே இருக்கவேண்டும். 80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிச்சலுகையை எதிர்பார்த்துக் கொடுப்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். நம் பகுதியில் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் உறவினர் இல்லாத தெருவே கிடையாது என்பதால் இன்னொரு செய்தியும் முக்கியம். வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுள்ள நிறுவனம் மட்டுமே, அதற்கென்று டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கின் மூலமாக, அதைப் பெறமுடியும்.

பயணச் செலவை உறுப்பினர்களே ஏற்பதுதான் முறை. தங்குமிடம், உணவு, துணை வாகனத்தின் டீசல், ரயில் கட்டணம் ஆகியவற்றை நன்கொடையிலிருந்து எடுத்தால், கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், “என் பணத்தில் ஊர் சுற்றினார்கள்” என்ற பேச்சு வரும். அது வருவதற்கு இடமே கொடுக்கக்கூடாது. ஊரில் எளிதாக எடுபடுவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கு. பயணம் முழுமையானால் ஒருவர் தருவது 3,700 ரூபாய். அதையும் தரமுடியாதவர், நம் குழு கிருஷ்ணகிரியிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டும் தூரத்தை மட்டும் ஏற்கலாம்.

குழுவைச் சேர்த்தல்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் தங்க இடம் கிடைப்பதும், எல்லோரும் சாப்பிட்டு முடிப்பதும், காலையில் கிளம்புவதும் ஒவ்வொன்றும் ஒரு மணி நேர வேலையாகிவிடும். வேகமாக ஓட்டுபவரைவிட நேரத்துக்கு எழுபவரையும், களைத்தபோது எரிந்து விழாதவரையும் தேர்ந்தெடுங்கள். மொழியையும் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களின் உருது, ஜம்முவிலிருந்து நாக்பூர் தாண்டியும் கைகொடுக்கும். குடியாத்தம், காட்பாடிப் பக்கத்துத் தெலுங்கு, ஹைதராபாத்திலிருந்து அனந்தப்பூர் வரை போதும். இது வேலூர்க் குழுக்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

பாதையும் தங்குமிடமும், கணக்கும் நன்கொடையாளர் தொடர்பும், சைக்கிள் பழுது, மருத்துவப் பெட்டி என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒருவரையும், அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் நியமியுங்கள். அன்றைய ஓட்டத்தை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்யும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். மழையில் நனைந்துகொண்டு பன்னிரண்டு பேர் வாக்கெடுப்பு நடத்தக்கூடாது.

பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

தெற்கிலிருந்து பிப்ரவரியில் கிளம்பினால் தமிழ்நாட்டில் இதமாக இருக்கும். ஆனால் மார்ச் நடுவில் நாக்பூர்ப் பகுதியின் வெயிலில் மாட்டிக்கொள்வோம். எனவே செப்டம்பர் கடைசி வாரத்தில் ஸ்ரீநகரில் தொடங்கித் தெற்கு நோக்கி வருவதையே நான் பரிந்துரைப்பேன். அப்போது வடமேற்கில் தென்மேற்குப் பருவமழை விலகத் தொடங்கியிருக்கும், மத்திய இந்தியாவைக் கடக்கும்போது சாலை காய்ந்திருக்கும், அக்டோபர் இறுதியில் கிருஷ்ணகிரியைத் தொடும்போது வடகிழக்குப் பருவமழை நம்மை நனைத்தாலும் அது நாம் பழகிய மழை. மேலும், கடைசி வாரத்தில் சொந்தபந்தங்களும் நன்கொடையாளர்களும் வழியில் வந்து பார்க்கமுடியும் என்பதால், களைப்பு மிகும் நேரத்தில் ஊக்கம் கிடைக்கும்.

இதன்படி பயிற்சி மே மாதத் தொடக்கத்தில், அதாவது சரியாக அக்னி நட்சத்திரத்தில், ஆரம்பமாகும். அந்த நாட்களில் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். வேலூர் வெயிலில் வீரம் காட்டக்கூடாது.

ஐந்து மாதப் பயிற்சி

பயிற்சி தொடங்கும் முன் அனைவரும் உடல் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இதயப் பரிசோதனையையும் சேர்த்து, மருத்துவரிடம் “தினமும் ஆறு ஏழு மணி நேரம், 40 நாட்கள்” என்று தெளிவாகச் சொல்லி அவர் கருத்தைக் கேளுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 25 முதல் 40 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம் போதும். காட்பாடி வழியாகச் சித்தூர்ச் சாலை, பாலாற்றுப் பாலம் தாண்டிக் குடியாத்தம் சாலை, அமிர்திச் சாலை ஆகியவை இதற்கு ஏற்றவை. அதன்பின் வாரந்தோறும் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவே கூட்டி, நான்காவது வாரம் குறைத்துக்கொண்டு உடலுக்கு இடம் கொடுங்கள். மூன்றாவது மாதத்தில், போளூர் வழியாகத் திருவண்ணாமலை சென்று, இரவு தங்கி, மறுநாள் திரும்புங்கள். ஒரு நாளில் 160 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவதைவிட, அடுத்தடுத்த இரு நாட்களில் எண்பது எண்பதாக ஓட்டுவதே இந்தப் பயணத்துக்குப் பயிற்சி. முதல் நாள் உட்கார்ந்த இடம் மறுநாள் காலை சீட்டில் அமரும்போது எப்படி வலிக்கிறது என்பதை உடல் தெரிந்துகொள்ளவேண்டும். ஆகஸ்டில் மூன்று நாள் தொடர் ஓட்டம் ஒன்றைச் செய்துவிடுங்கள். கடைசி பத்து நாட்கள் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

மலையேற்றத்துக்கு ஏலகிரியைவிட நல்ல பள்ளிக்கூடம் நமக்கு இல்லை. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அந்தச் சாலையில், சிறிய கியரில், அமர்ந்தபடியே, மூச்சு வாங்காமல் ஏறப் பழகுங்கள். எனினும் ஏற்றத்தைவிட இறக்கத்தையே நான் வலியுறுத்துவேன். ஸ்ரீநகரிலிருந்து கிளம்பினால் முதல் சில நாட்களில் பெரும்பகுதி மலைச்சாலைதான். வேலூர்ச் சமவெளியில் ஓட்டிப் பழகியவர் அங்கேதான் தடுமாறுவார். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால், ரிம்மைப் பிடிக்கும் வகைப் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே நேரான இடத்தில் இரு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விரல்களைத் தளர்த்தி, உள்பக்க மிதியை மேலே வைத்துத் திரும்பவேண்டும். இதை ஏலகிரியில் கை பழகும்வரை செய்யுங்கள்.

குழுவாக ஓட்டும் ஒழுங்கு

பயிற்சியின் பெரும் பகுதியை நான் இதற்கே ஒதுக்கச் சொல்வேன். ஆறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரியுங்கள். நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லுங்கள். முன்னால் வழிநடத்தும் ஒருவரும், கடைசியில் வரும் ஒருவரும் அன்றன்றைக்கு நியமிக்கப்படவேண்டும். கடைசியில் வருபவர் அனுபவம் உள்ளவராகவும், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும், அவரைத் தாண்டி எவரும் பின்தங்கக் கூடாது. முன்னால் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் எதிர்காற்றின் சுமை எல்லோருக்கும் பகிர்ந்துபோகும். அப்படி மாறும்போது, புதிதாக முன்னால் வந்தவர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவது வழக்கம். அதனால் கடைசி ஆள் பிரிந்துபோவார், விரட்டிப் பிடிப்பார், மறுபடி பிரிவார். மதியத்துக்குள் அவர் ஓய்ந்துவிடுவார். வரிசையின் நடுவில் மெதுவானவரை வைத்து, அவர் முகத்தைப் பார்த்து வேகத்தை நிர்ணயியுங்கள்.

குழு ஓட்டத்தில் விழுவதற்கு முதன்மையான காரணம் ஒன்று உண்டு. பின்னால் வருபவரின் முன்சக்கரம், முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவு ஏறி நிற்கும். முன்னால் செல்பவர் ஒரு குழியைத் தவிர்க்கச் சற்றே ஒதுங்குவார். இரண்டு டயர்களும் உரசும். ஒதுங்கியவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் இருப்பவரின் கைப்பிடி ஒரே வெட்டாகத் திரும்பி, அவர் லாரி வரும் பக்கமேகூட விழலாம். இதைத் தவிர்க்க, முன்னவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்து ஓட்டவேண்டும். அவருடைய டயரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வரக்கூடாது.

“குழி”, “மணல்”, “பின்னால் லாரி”, “நிற்கிறேன்” என்ற நாலைந்து சொற்களை எல்லோரும் ஒரே மாதிரி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். முன்னால் எழுந்த குரலைக் கடைசி ஆள்வரை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்லவேண்டும். பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்லும் நம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இணைப்புச் சாலையிலிருந்து எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களையும், ஓரத்தில் திடீரென்று நிற்கும் பேருந்துகளையும் சமாளிக்க அதிகாலையில் பழகியவர்களுக்கு 44-ஆம் நெடுஞ்சாலை புதிதாக இராது. பின்சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். தலைக்கவசம் இல்லாதவர் அன்று ஓட்டக்கூடாது. இருட்டிய பின் யாரும் சாலையில் இருக்கக்கூடாது.

சைக்கிள்

விலை உயர்ந்த பந்தய சைக்கிள் தேவையில்லை. 28 முதல் 35 மில்லிமீட்டர் அகல டயரும், மலைக்கேற்ற சிறிய கியர்களும் உள்ள ஹைப்ரிட் அல்லது டூரிங் வகை போதும். உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் சட்டமா என்பதை வாங்கும்போதே பாருங்கள். சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க, மிதியைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நின்றால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும், அதுவே சரியான உயரம். முழங்கால் வலியோடு வருபவர்களில் பலருக்கு இந்த ஒரு திருத்தமே போதுமானதாக இருக்கும்.

டியூபின் வால்வைக் கவனியுங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலோ சிற்றூர்ப் பஞ்சர் கடையிலோ காற்று பிடிக்க முடியாது. அதன்மேல் திருகும் சிறு பித்தளை அடாப்டர் ஆளுக்கொன்று பையில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கு உள்ள ஷ்ரேடர் வகை வால்வுக்கு அந்தக் கவலை இல்லை. எல்லோரும் ஒரே டயர் அளவில் இருந்தால் மாற்று டியூபுகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். செயின், பிரேக் கட்டைகள், கேபிள்கள் ஆகியவற்றைக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே புதிதாக மாற்றி, அவற்றோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். பொதுப் பெட்டியில் ஸ்போக்குகள், செயின் இணைப்பு, செயின் கழற்றி, மாற்று டயர் இரண்டு, காற்றழுத்த அளவுமானி உள்ள பம்பு இருக்கவேண்டும்.

பஞ்சர் மாற்றுவதை ஒவ்வொரு உறுப்பினரும் தாமே செய்யத் தெரிந்திருக்கவேண்டும். பாலாற்றங்கரையெங்கும் சீமைக் கருவேல முள் கிடப்பதால் பயிற்சிக்குச் சந்தர்ப்பம் தானாகவே வரும். டியூபைக் கழற்றியதும் புதியதைப் போட அவசரப்படாதீர்கள். பழைய டியூபில் காற்றடித்து, கன்னத்தருகே வைத்து, காற்று எங்கே படுகிறது என்று பாருங்கள். வால்விலிருந்து அந்த ஓட்டை எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் அதே இடத்தை உள்பக்கமாக விரல்நுனியால் மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்முனை விரலில் தட்டுப்படும். அதைக் குறடால் வெளிப்பக்கமாக இழுத்து எடுத்த பிறகே புதிய டியூப் உள்ளே போகவேண்டும். இல்லையென்றால் அடுத்த ஊருக்குள் அதுவும் போய்விடும்.

உடலும் உணவும்

அடிப்பகுதியில் பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணிந்து, தினமும் துவைத்துக் காயவைத்து, உராயும் இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் புண் வருவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கை மரத்துப்போகாமல் இருக்கக் கையுறை வேண்டும். முதல் சில நாட்கள் காஷ்மீரின் விடியற்குளிர் நம் ஊர் மார்கழியைவிடப் பலமடங்கு கடுமை என்பதால், காற்றைத் தடுக்கும் மேற்சட்டையும் முழுவிரல் கையுறையும் ஒவ்வொருவருக்கும் கட்டாயம்.

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. வியர்வைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கமும் குழப்பமும் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கரைத்தோ, உப்புப் போட்ட மோராகவோ குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடலுக்குப் போகவேண்டும். ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் அதைத் தந்துவிடும். பசிக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள். பயிற்சியின்போது கேழ்வரகுக் கூழும் இட்லியும் ஒத்துக்கொள்ளும். ஆனால் வடக்கே ரொட்டியும் பருப்பும்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதையும் பயிற்சி நாட்களிலேயே சாப்பிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆம்பூர் பிரியாணியை ஓட்டம் முடிந்த மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் அதைச் சாப்பிட்டுவிட்டு வாணியம்பாடிவரை மிதிப்பது பெரும் சிரமம்.

வழி, துணை வாகனம், அவசர உதவி

துணை வாகனம் குழுவின் பின்னாலேயே ஊர்ந்து வரக்கூடாது. வேகச் சாலையில் மெதுவாக ஊரும் வண்டியே விபத்துக்கு வழி. அது பதினைந்து கிலோமீட்டர் முன்னால் சென்று, சாலையை விட்டு ஒதுங்கிய பாதுகாப்பான இடத்தில் தண்ணீரோடு காத்திருக்கட்டும். ஜம்மு–ஸ்ரீநகர்ச் சாலையில் நீளமான சுரங்கங்கள் உள்ளன. 2017-இல் திறக்கப்பட்ட செனானி–நஷ்ரி சுரங்கம் மட்டுமே ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கெல்லாம் சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கடக்கத் திட்டமிடுங்கள்.

மற்ற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு–காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் குறைந்தது மூன்று பேரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். 112 பொது அவசர எண், 108 ஆம்புலன்ஸ், 1033 தேசிய நெடுஞ்சாலை உதவி ஆகியவை ஒவ்வொரு சைக்கிளிலும் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். அதன் கீழ் ஓட்டுபவரின் இரத்த வகையும் வீட்டு எண்ணும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால், 2021-இல் தொடங்கிய “இன்னுயிர் காப்போம்” திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும். இருந்தாலும் தனிநபர் விபத்துக் காப்பீடு இல்லாத எவரையும் சேர்க்காதீர்கள்.

பஞ்சாப், ஹரியானாப் பகுதிகளில் குருத்வாராக்களில் முன்கூட்டியே பேசினால் தங்கவும் உண்ணவும் பெரும்பாலும் இடம் தருவார்கள். மற்ற இடங்களில் பள்ளிகளும் தர்மசாலைகளும் தெற்கே கல்யாண மண்டபங்களும் உண்டு. பயனாளி நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கையில் வைத்திருங்கள். சைக்கிள்களை வடக்கே கொண்டுசெல்லக் காட்பாடி ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக விசாரியுங்கள். மிதிகளைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பிக் கட்டி, கியர் பகுதியை அட்டையால் மூடி, பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய துணிச் சீட்டை இரண்டு இடங்களில் தைத்துவிடுங்கள். காகிதச் சீட்டு வழியிலேயே கிழிந்துவிடும்.

முடிந்த பின்

ஓட்டத்தின் ஒவ்வொரு மாலையும் அன்று கடந்த தூரத்தையும் அதுவரை சேர்ந்த தொகையையும் நன்கொடையாளர்களுக்கு ஒரே செய்தியாக அனுப்புங்கள். கன்னியாகுமரியை அடைந்த ஒரு மாதத்துக்குள், நிறுவனத்திடமிருந்து மொத்தத் தொகைக்கான எழுத்துச் சான்றைப் பெற்று, கிலோமீட்டர்க் கணக்கில் வாக்களித்து இன்னும் தராதவர்களுக்கு ஒருமுறை நினைவூட்டி, ரசீதுகள் உரியவர்களிடம் சேர்ந்தனவா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கவேண்டும். உறுப்பினர்கள் ஏற்ற பயணச் செலவின் கணக்கையும் அதே தாளில் தனியாகக் காட்டுங்கள். அந்தத் தாளில் கணக்குப் பொறுப்பாளரோடு, பணத்தைக் கையாளாத இன்னொரு உறுப்பினரும் கையெழுத்திட்டு, கொடுத்த அனைவருக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும்.